பயறு தின்னும் செம்மறிகளுக்கு ஏற்படும் கோளாறுகள்: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

மேய்ச்சல் காய்ந்து வைக்கோலும் தாளும் மட்டுமே எஞ்சியிருக்கும் காலத்தில், செம்மறிகளின் புரதக் குறையை ஈடுகட்டப் பட்டாணி, கொண்டைக்கடலை, கொள்ளு, தட்டைப்பயறு, ஃபாபா அவரை, லூபின், சோயா மொச்சை போன்ற பயறு வகைகள் மிக நன்றாக உதவுகின்றன. அப்படியிருந்தும், பயறு கொடுக்கத் தொடங்கிய சில நாட்களிலோ சில வாரங்களிலோ மந்தையில் ஏதேனும் கோளாறு தோன்றினால், பயறே ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி அதை அடியோடு நிறுத்திவிடுபவர்கள் பலர் இருக்கிறார்கள். என் கணிப்பில், கெட்டுப்போன பயறையும் நச்சுள்ள சில விதைகளையும் தவிர்த்துப் பார்த்தால், பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் பயறன்று. அதைக் கொடுத்த வேகமும், அதனுடன் சேர்த்துக் கொடுக்காமல் விட்ட பொருள்களுமே காரணம். ஆகவே இந்த வழிமுறை, பயறு கொடுக்கத் தொடங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை முதல் தடயமாகக் கொண்டு, அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் முறையில் எழுதப்பட்டிருக்கிறது.

எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ள வேண்டும். பயறு தொடங்கி அல்லது அளவு கூட்டி எத்தனை நாளாயிற்று? மந்தையில் எல்லா ஆடுகளும் பாதிக்கப்பட்டுள்ளனவா, அல்லது முந்திக்கொண்டு தின்னும் சில ஆடுகள் மட்டுமா? பயறுடன் நார்த்தீவனம் எவ்வளவு கிடைத்தது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

எந்தப் பயறு என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பயறுகள் எல்லாம் ஒரே தன்மை கொண்டவை அல்ல. பட்டாணி, தட்டைப்பயறு, கொள்ளு ஆகியவற்றில் புரதம் ஏறத்தாழ 22 முதல் 25 சதவீதமும், கொண்டைக்கடலையில் 20 சதவீதத்தை ஒட்டியும், ஃபாபா அவரையில் 25 முதல் 29 சதவீதமும், குறுகிய இலை லூபினில் 30 சதவீதத்துக்கு மேலும், சோயா மொச்சையில் 36 முதல் 40 சதவீதமும் இருக்கும். புரதத்தைவிட, கோளாறுகளைப் புரிந்துகொள்ள அதிகம் உதவுவது மாவுச்சத்தின் அளவுதான். பட்டாணி, ஃபாபா அவரை, கொண்டைக்கடலை ஆகியவற்றில் 40 சதவீதத்தைச் சுற்றியோ அதற்குச் சற்று மேலோ மாவுச்சத்து உண்டு. லூபினில் மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. சோயாவில் அதன் இடத்தில் 18 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கிறது. ஒரே அளவைக் கொடுத்தாலும் இவை வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

தொடங்கிய முதல் நாட்கள்: ஆடுகள் பயறைத் தின்ன மறுக்கின்றன

செம்மறி புதிய தீவனத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும் விலங்கு. இதுவரை தானியமே பார்த்திராத மந்தை, முதல் சில நாட்கள் தொட்டியை முகர்ந்துவிட்டு விலகிச் செல்வது இயல்பே. இதற்குத் தீர்வு பட்டினி போடுவதன்று. பசியால் வாடிய ஆடு திடீரென்று தின்னத் தொடங்கும் நாளில் அளவுக்கு மீறித் தின்றுவிடும், அதிலிருந்துதான் அடுத்த பகுதியில் சொல்லப்படும் பெரிய ஆபத்து பிறக்கிறது. ஏற்கெனவே தானியம் தின்னப் பழகிய சில ஆடுகளை மந்தையில் சேர்த்துவிட்டால் மற்றவை அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். முதல் நாட்களில் பயறை நல்ல வைக்கோலின் மீது தூவிக் கொடுப்பதும் பயன் தரும். நீண்ட கால நோக்கில் பார்த்தால், பால்குடி மறக்கும் முன்பே குட்டிகளைத் தாயுடன் சேர்த்துச் சில முறை பயறு தின்னப் பழக்குவதைவிடச் சிறந்த வழி இல்லை. அப்படிப் பழகிய குட்டிகள் வளர்ந்த பிறகும் அதை மறப்பதில்லை.

நன்றாகத் தின்றுகொண்டிருந்த மந்தை திடீரென்று மறுத்தால் நிலைமை வேறு. அப்போது பயறை ஒரு கைப்பிடி அள்ளிப் பார்க்க வேண்டும். பூஞ்சண வாடை, முடைநாற்றம், கட்டிகட்டியாக ஒட்டியிருத்தல், வண்டுத்துளைகளோடு மாவு படிந்திருத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அந்தச் சாக்கை ஒதுக்கிவிட வேண்டும். பயறின் ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் போனால் சேமிப்பில் பூஞ்சணமும் வண்டும் எளிதில் பற்றும். நிறம் ஏற்றிய பயறாக இருந்தால், அது விதைப்புக்காகப் பூச்சிமருந்தோ பூஞ்சணக்கொல்லியோ கலந்து விதைநேர்த்தி செய்யப்பட்டதாக இருக்கலாம். அத்தகைய விதையைக் கழுவினாலும் தீவனமாகப் பயன்படுத்தக் கூடாது. இனிப்பு லூபினுக்கும் கசப்பு லூபினுக்கும் வேறுபாடு இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்: கசப்பு வகையில் ஆல்கலாய்டு என்னும் கசப்பு நச்சுப்பொருள் மிகுதி, ஆடு தின்ன மறுப்பது அதன் நல்ல உள்ளுணர்வே. நிறமுள்ள பூக்கள் பூக்கும் ஃபாபா அவரை வகைகளில் டானின் கூடுதலாக இருப்பதால் அவையும் சற்றுத் துவர்ப்பாக இருக்கும். ஆனால் அது ஆபத்தன்று, பழகிக்கொள்ளும்.

ஒன்றிரண்டு ஆடுகள் மட்டும் எப்போதும் தொட்டிக்கு வராமல் ஒதுங்கி நின்றால், அது தீவனத்தின் குறையன்று, இடக் குறை. உடற்பருமனைப் பொறுத்து வளர்ந்த ஆடு ஒன்றுக்கு 30 முதல் 45 செ.மீ. தொட்டி நீளம் வேண்டும்; எல்லா ஆடுகளும் ஒரே நேரத்தில் தலை நீட்ட முடிய வேண்டும். முடியாத மந்தையில் வலிமையுள்ளவை இரண்டு பங்கு தின்கின்றன, மெலிந்தவை ஒன்றும் தின்பதில்லை. பல்லிழந்த கிழட்டு ஆடுகளையும் கூச்சமுள்ளவற்றையும் தனியே பிரித்துக் கொடுப்பது ஒன்றே தீர்வு.

முதல் மூன்று வாரங்கள்: புழுக்கை இளகிக் கழிச்சல் ஆகிறது

இதுவே மிகுதியாகக் காணப்படும் கோளாறு, அதே நேரத்தில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் கோளாறும் இதுவே. கழிச்சலின் நிறம், மணம், ஆட்டின் சுறுசுறுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த மருந்தையும் கொடுக்கக் கூடாது.

கழிச்சல் சாம்பல் நிறத்தில் நீர்த்து, புளித்த வாடையோடு, உடையாத தானியத் துண்டுகள் கலந்து வந்தால், அதோடு ஆடு தீவனத்தை மறுத்து, அசைபோடுவதை நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, தலை தாழ்த்தி நின்றால் அது பெருவயிற்றில், அதாவது தின்றது முதலில் சென்று ஊறிப் புளிக்கும் பெரிய வயிற்றறையில், அமிலம் மிகுந்ததன் அறிகுறி. பெருவயிற்றின் பிஎச் அளவு (அமிலம் கூடக் கூட இந்த எண் குறையும்) பொதுவாக 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும். மாவுச்சத்து திடீரென மிகுந்து உள்ளே சென்றால் லாக்டிக் அமிலம் உருவாக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, அந்த அளவை 5.5-க்கும் கீழே இறக்கிவிடுகின்றன. 5-ஐ நெருங்கும்போது வைக்கோலைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன, வயிற்றுச் சுவர் புண்ணாகிறது, உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு ஆடு வறண்டுபோகிறது. அளவுக்கு மீறித் தின்ற 12 முதல் 36 மணி நேரத்துக்குள் இது வெளிப்படும். பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் மந்தையில் துடிப்பான, முந்திக்கொண்டு தின்னும் ஆடுகளாகவே இருக்கும். மேற்கண்ட இரண்டாவது கேள்வியின் பயன் இங்கேதான் தெரியும்.

செய்ய வேண்டியவை வரிசையாக: முழு மந்தைக்கும் அன்றைய பயறை உடனே நிறுத்தி, காய்ந்த புல்லையோ வைக்கோலையோ தாராளமாகப் போட வேண்டும். தலை தாழ்த்தி நிற்கும், ஆனால் விழுங்கக்கூடிய ஆட்டுக்கு 10 முதல் 15 கிராம் சமையல் சோடாவை நீரில் கரைத்து, தலையை அதிகம் தூக்காமல், மெதுவாகப் புகட்டலாம். குட்டிக்கு அதன் எடைக்கேற்பக் குறைக்க வேண்டும். எழ முடியாமல் படுத்துவிட்ட, கண் குழிவிழுந்த, தடுமாறும் ஆட்டுக்கு வீட்டு முறை போதாது. கால்நடை மருத்துவர் இரத்தக்குழாய் வழியாக நீர்மமும் வைட்டமின் பி1-ம் கொடுக்க வேண்டியிருக்கும். பி1 ஏன் என்றால், அமிலம் மிகுந்த பெருவயிற்றில் அந்த வைட்டமின் உருவாவது குறைந்து, உருவானதும் சிதைகிறது. சில நாட்கள் கழித்து ஆடு கண் தெரியாமல் சுவரில் முட்டினாலோ, தலையைப் பின்னால் வளைத்து வானத்தைப் பார்ப்பது போல் நின்றாலோ, அது அந்தக் குறையால் மூளை பாதிக்கப்பட்டதைக் காட்டும். அந்நிலையிலும் சில மணி நேரத்துக்குள் பி1 ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது.

நலமடைந்த மந்தைக்கு மீண்டும் பயறு தொடங்கும்போது, விட்ட அளவிலிருந்து தொடங்கக் கூடாது. முதல் நாளைப் போலவே தலைக்கு 50 கிராமில் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை 50 கிராம் வீதம் கூட்டி, வேண்டிய அளவை எட்ட இரண்டு முதல் மூன்று வாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் வயிறு காலியாக இருக்கும்போது பயறைப் போடாமல், நார்த்தீவனம் தின்ற பிறகு போட வேண்டும். பயறை மாவாக அரைக்கவும் தேவையில்லை. வளர்ந்த செம்மறி மாட்டைவிட நன்றாக மெல்லும். முழுப் பயறையோ ஒன்றிரண்டாக உடைத்ததையோ கொடுத்தால் போதும். மாவு வேகமாகப் புளிக்கிறது, தூசியாகி இருமலையும் உண்டாக்குகிறது. பெரிய விதை கொண்ட ஃபாபா அவரையை மட்டும் இளங்குட்டிகளுக்கு உடைத்துக் கொடுப்பது நல்லது. லூபினில் மாவுச்சத்து இல்லாததால் இந்த ஆபத்து மிகக் குறைவு. பழகிய மந்தைக்கு வாரம் முழுவதற்கான லூபினை இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பதும் நடைமுறையில் உண்டு. பட்டாணியையும் கொண்டைக்கடலையையும் அந்தத் துணிச்சலோடு கையாளக் கூடாது.

கழிச்சலுக்கு வேறொரு முகமும் உண்டு. புழுக்கை உருண்டையாக இல்லாமல் களிம்பு போல் கறுத்து இளகியிருக்கிறது, ஆனால் ஆடு சுறுசுறுப்பாகத் தின்கிறது, அசைபோடுகிறது, கொட்டகையில் மட்டும் அம்மோனியா நெடி வீசுகிறது என்றால் அது அமில நோயன்று. புரதம் தேவைக்கு மேல் செல்வதைக் காட்டும். பயறின் புரதத்தில் பெரும்பகுதி பெருவயிற்றிலேயே சிதைந்து அம்மோனியாவாக மாறுகிறது. நுண்ணுயிர்கள் பயன்படுத்த முடியாத அளவு கல்லீரலில் யூரியாவாகி, சிறுநீரில் வெளியேறுகிறது. பசும்புல்லும் கிடைக்கும் காலத்தில் பயறின் அளவைக் குறைக்காமல் விடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். அளவைப் பாதியாக்கினால் ஒரு வாரத்தில் புழுக்கை இறுகிவிடும். பாதியாக்கியும் இறுகாவிட்டால், அதுவும் இளம் ஆடுகளில் மட்டும் நீடித்தால், குடற்புழுவையும் காக்ஸிடியா என்னும் நுண்ணிய குடல் ஒட்டுண்ணியையும் சாணப் பரிசோதனையில் தேட வேண்டும்.

இடப்பக்க வயிறு உப்புகிறது

இடப்பக்க விலாவுக்குப் பின்னால் உள்ள குழி மேடாகி, தட்டினால் மத்தளம் போல் ஒலித்து, ஆடு அடிக்கடி படுத்தெழுந்து மூச்சு வாங்கினால் உப்புசம். பயறு தின்றபின் வரும் உப்புசத்தில் இரண்டு வகையையும் பிரித்தறிய வேண்டும். பயறின் கரையும் புரதமும் நுண்ணிய மாவும் சேர்ந்து பெருவயிற்று நீரை நுரையாக்கிவிட்டால், வாயு சிறு குமிழிகளாகச் சிக்கிக்கொள்ளும். குழாய் விட்டாலும் வெளியேறாது. அதற்கு 50 முதல் 100 மி.லி. சமையல் எண்ணெயைப் புகட்டி, ஆட்டை நடக்கவைத்து, வயிற்றைப் பிசைந்துவிட வேண்டும். எண்ணெய் நுரையை உடைக்கும். வாயிலிருந்து எச்சில் வழிந்து, கழுத்தை நீட்டி விழுங்க முயன்றுகொண்டே இருந்தால், அவசரமாகத் தின்ற பெரிய விதைகள் உணவுக்குழாயில் அடைத்திருக்கின்றன என்று கொள்ள வேண்டும். அப்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஊற்றியது நுரையீரலுக்குள் போகும். இதை மருத்துவரிடம் விட வேண்டும்.

தின்ற அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் உப்புசத்தோடு உடல் நடுங்கி, வாயில் நுரை தள்ளி, மூச்சு வேகமானால், யூரியாவையும் பச்சை சோயாவையும் ஒன்றாகக் கொடுத்தார்களா என்று கேட்க வேண்டும். வறுக்காத சோயா மொச்சையிலும் வாள் அவரையிலும் யூரியேஸ் என்னும் நொதி மிகுதி. அது யூரியாவை வெகுவேகமாக அம்மோனியாவாக்கி ஆட்டை நச்சுக்குள்ளாக்குகிறது. குளிர்ந்த நீரோடு வினிகரைப் புகட்டுவது முதலுதவி. மருத்துவரையும் உடனே அழைக்க வேண்டும். யூரியா கலந்த வைக்கோலோ யூரியா கட்டியோ கொடுக்கும் மந்தைக்குப் பச்சை சோயாவைத் தொடவே கூடாது.

நன்றாக வளரும் குட்டி திடீரென்று இறந்துகிடக்கிறது

முந்தைய நாள் மாலை வரை நன்றாகத் தின்ற, மந்தையிலேயே கொழுத்த குட்டி காலையில் இறந்துகிடந்தால் முதலில் நினைக்க வேண்டியது துள்ளுமாரி நோய். குடலில் இயல்பாகவே சிறிதளவில் வாழும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் டி வகைக் கிருமி, செரிக்காத மாவுச்சத்து குடலுக்குள் வழியும்போது பெருகி நஞ்சைக் கக்குகிறது. சில குட்டிகள் இறக்கும் முன் துள்ளி விழுந்து வலிப்பு காணும். பலவற்றில் எதுவும் தெரியாது. இறந்ததைக் காலம் தாழ்த்தாமல் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், ஏனென்றால் சில மணி நேரம் கழிந்தால் அழுகல் எல்லாத் தடயங்களையும் மறைத்துவிடும். எஞ்சிய மந்தைக்குப் பயறைப் பாதியாகக் குறைத்து, நார்த்தீவனத்தைக் கூட்ட வேண்டும். இந்நோய் வந்தபின் காப்பாற்றுவது அரிது, ஆனால் தடுப்பது எளிது: முதல் முறை தடுப்பூசி பெறும் குட்டிகளுக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு தவணை போட்டு, இரண்டாவது தவணை முடிந்து இரண்டு வாரம் ஆன பிறகே பயறைக் கூட்டத் தொடங்க வேண்டும். ஒரே தவணையோடு நிறுத்திக்கொண்ட மந்தைகளில் இழப்பு தொடர்வதில் வியப்பில்லை.

சில வாரங்கள் கழித்து: பயறு தின்கிறது, எடை ஏறவில்லை

எடை ஏறாததற்குப் பயறைக் குறைசொல்லும் முன், எடை பார்த்த முறையைச் சரிபார்க்க வேண்டும். வயிறு நிறைந்த ஆட்டுக்கும் காலி வயிறுள்ள ஆட்டுக்கும் சில கிலோ வேறுபாடு இருக்கும். எப்போதும் காலையில், தீவனம் போடும் முன்பு, அதே ஆடுகளை எடைபோட்டால்தான் ஒப்பிட முடியும்.

அடுத்து, புரதக் கணக்கைப் போட வேண்டும். தீவனம் முழுவதிலும் புரதம் 7 அல்லது 8 சதவீதத்துக்குக் கீழே போனால் பெருவயிற்று நுண்ணுயிர்கள் வைக்கோலைச் சரியாகச் செரிப்பதில்லை. உடல் எடையைக் காத்துக்கொள்ள 8 முதல் 9 சதவீதமும், சினையின் கடைசி வாரங்களில் 11 முதல் 12 சதவீதமும், பால் கொடுக்கும் தாய்க்கு 14 சதவீதம் அல்லது சற்று மேலும், பால்குடி மறந்து வேகமாக வளரும் குட்டிக்கு 16 சதவீதத்தைச் சுற்றியும் வேண்டும். எடுத்துக்காட்டாக, 4 சதவீதப் புரதம் கொண்ட வைக்கோலை ஒரு கிலோ தின்னும் ஆட்டுக்கு 40 கிராம் புரதம் கிடைக்கிறது. அதோடு 23 சதவீதப் புரதமுள்ள பட்டாணியை 250 கிராம் சேர்த்தால் இன்னும் 57 கிராம் கிடைத்து, ஒன்றேகால் கிலோ தீவனத்தில் 97 கிராம், அதாவது கிட்டத்தட்ட 8 சதவீதம் ஆகிறது. சினையற்ற வளர்ந்த ஆட்டுக்கு இது காக்கும் அளவு. ஆனால் குட்டிக்கு இதே கலவையைக் கொடுத்துவிட்டு வளர்ச்சியை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வைக்கோல் தின்னும் ஆட்டுக்குப் புரதத்தைச் சரிசெய்தால், நுண்ணுயிர்கள் உயிர்பெற்று, வைக்கோல் வேகமாகச் செரித்து, ஆடு முன்பைவிட அதிக வைக்கோல் தின்னும். பயறு தரும் பயனில் பெரும்பங்கு இந்தக் கூடுதல் வைக்கோலிலிருந்தே வருகிறது. வைக்கோலை எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டே பயறை மட்டும் சேர்ப்பவருக்குப் பயன் கிடைக்காமல் போவது இதனால்தான். காலையில் தொட்டியில் சிறிது வைக்கோல் மிச்சமிருக்க வேண்டும்; மிச்சமில்லையெனில் பயறைக் கூட்டுவதற்கு முன் வைக்கோலைக் கூட்ட வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வளர்ச்சி இல்லையென்றால், மூன்று காரணங்கள் எஞ்சுகின்றன. குடற்புழு ஒன்று; கீழிமையைப் புரட்டிப் பார்த்தால் வெளிறியிருக்கும். சோயா மற்றொன்று: முழு சோயாவின் எண்ணெயால் தீவனத்தின் மொத்தக் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் நார்ச்சத்தின் செரிமானம் குறைகிறது, ஆகவே அதைத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி நிறுத்த வேண்டும், மேலும் அதிலுள்ள டிரிப்சின் தடுப்பான், பெருவயிறு முதிராத இளங்குட்டிகளுக்குப் புரதம் செரிப்பதைத் தடுக்கும் என்பதால், அவற்றுக்கு வறுத்த சோயாவே ஏற்றது. மூன்றாவது, புரதத்தின் தரம். பயறுகளில் மெத்தியோனின் போன்ற கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் குறைவு, புரதத்தில் பெரும்பகுதி பெருவயிற்றிலேயே சிதைந்தும் விடுகிறது. நடுத்தர வளர்ச்சிக்கு இது தடையில்லை. மிக வேகமாக வளரும் குட்டிக்கும் இரட்டைக் குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கும் மட்டும், பயறை வறுத்துக் கொடுப்பதோ, பெருவயிற்றில் சிதையாத புரதமுள்ள பிண்ணாக்கைச் சிறிது சேர்ப்பதோ பலன் தரும். ரோமம் மெலிந்து எளிதில் அறுபடுவதும் இதே கந்தகக் குறையின் அறிகுறியாகலாம். வைக்கோலும் பயறும் மட்டுமே தின்னும் மந்தைக்குத் தாது உப்புக் கலவையில் கந்தகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கிடா முக்குகிறது, சிறுநீர் சொட்டுகிறது

கால்களைப் பரப்பி நின்று, வாலை ஆட்டி, முக்கிக்கொண்டிருக்கும் கிடாவைப் பார்த்து மலச்சிக்கல் என்று எண்ணிப் பேதி மருந்து கொடுத்தால் உயிர்போகும் நேரத்தை வீணாக்குகிறோம். அது சிறுநீர்க் கல்லடைப்பு. ஆண்குறித் தோலின் மயிர்களில் மணல் போன்ற படிகங்கள் ஒட்டியிருப்பதும், சிறுநீர் துளித்துளியாக, சில நேரம் இரத்தத்தோடு வருவதும் அதை உறுதிப்படுத்தும். இளவயதில் விதையடித்த கிடாக்களின் சிறுநீர்க்குழாய் குறுகியிருப்பதால் அவற்றுக்கு ஆபத்து மிகுதி. இது அறுவை சிகிச்சை வரை செல்லக்கூடிய அவசர நிலை, அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும்.

காரணம் தாதுக்களின் சமநிலையில் இருக்கிறது. பயறுகளில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 0.4 சதவீதம், கால்சியமோ 0.1 சதவீதத்தை ஒட்டியே உள்ளது. செம்மறிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது: பாஸ்பரஸைப் போல் இரண்டு மடங்கு கால்சியம். ஆகவே தீவனத்தின் பயறு, தானியப் பகுதியில் 1 முதல் 1.5 சதவீதம் சுண்ணாம்புக்கல் தூளும், 1 சதவீதம் உப்பும் கலப்பது விட்டுவிடக் கூடாத கடமை. உப்பு ஆட்டை நீர் குடிக்க வைக்கிறது; அதற்குத் தூய நீர் எப்போதும் இருக்க வேண்டும். கொழுக்கவைக்கும் கிடாக்களுக்கு முழுத் தீவனத்தில் 0.5 சதவீதம் அம்மோனியம் குளோரைடு சேர்ப்பதும் கல் உருவாவதைக் குறைக்கும்.

இதே கால்சியக் குறை, சினை ஆடுகளில் வேறு வடிவத்தில் வெளிப்படும். பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் ஆடு திடீரென்று தள்ளாடி, நெஞ்சின் மேல் படுத்து, எழ முடியாமல் போனால், மருத்துவர் கால்சியம் ஊசி போட்ட சிறிது நேரத்திலேயே எழுந்துவிடும். எழாவிட்டால், அதுவும் பல நாட்களாக மெல்ல மெல்லச் சோர்ந்து, மூச்சில் ஒருவித இனிப்பு வாடை வீசி, மந்தையிலிருந்து விலகி நின்ற ஆடாக இருந்தால், அது இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டின் எரிசக்திக் குறை நோய். அதற்குப் பயறு பகையன்று, துணை. பயறில் புரதத்தோடு தானியத்துக்கு இணையான எரிசக்தியும் இருக்கிறது. அத்தகைய ஆடுகளுக்குப் பயறைக் குறைப்பது நோயை விரைவுபடுத்தும்.

மாதங்கள் கழித்து: கண் மஞ்சளாகிறது, பின்னங்கால் தளர்கிறது

கண்ணும் ஈறும் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாக வந்தால் செம்பு நஞ்சாதலைத் தேட வேண்டும். செம்மறி செம்பைக் கல்லீரலில் சேமித்துக்கொண்டே போகும், ஒரு நாள் அது இரத்தத்தில் கொட்டிச் சிவப்பணுக்களை உடைக்கும். மாட்டுக்கான தாது உப்புக் கலவையைச் செம்மறிக்குக் கொடுப்பதே வழக்கமான காரணம். லூபின் அறுவடைக்குப் பின் அதன் தாளில் மேயும் மந்தைகளில் இன்னொரு காரணமும் உண்டு: மழைக்குப் பின் தண்டில் வளரும் பூஞ்சணத்தின் நஞ்சு கல்லீரலைச் சிதைக்கும், சிதைந்த கல்லீரல் செம்பைத் தாங்காது. நஞ்சு முக்கியமாகத் தண்டில்தான் இருப்பதால், சிந்திய விதைகள் தீர்ந்து ஆடுகள் தண்டைத் தின்னத் தொடங்கும் முன் அவற்றை வெளியேற்றிவிட வேண்டும்.

பின்னங்கால் தளர்ச்சியை இடம் பார்த்துப் பிரிக்கலாம். குளம்பு சூடாக, தொட்டால் வலியோடு இருந்தால் பழைய அமில நோயின் பின்விளைவு. குளம்பு நலமாக இருந்து கால் மட்டும் விறைத்து இழுபட்டால், கேசரிப் பருப்பு கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிலுள்ள நரம்பு நஞ்சு மெல்ல மெல்லவே வேலை செய்யும், பாதித்த நரம்பு முழுமையாகத் திரும்புவது அரிது. இரண்டும் இல்லாமல், பல மாதங்களாகப் பசும்புல்லே பார்க்காத இளம் ஆடுகள் ஓட்டிச் செல்லும்போது முதுகை வளைத்து, விறைத்து நடந்து, பின்தங்கிப் படுத்துக்கொண்டால், அது வைட்டமின் ஈ குறையால் வரும் தசைச் சிதைவு. காய்ந்த வைக்கோலிலும் சேமித்த பயறிலும் இந்த வைட்டமின் மிகக் குறைவு. அந்த ஆடுகளை விரட்டாமல் நிழலில் நிறுத்தி, மருத்துவர் சொல்லும் அளவில் வைட்டமின் ஈ புகட்டி, தினமும் ஒரு பிடியேனும் பசுந்தழை கிடைக்கச் செய்ய வேண்டும். செலினியமும் குறைந்த நிலமாக இருந்தால் அதையும் மருத்துவரே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும், ஏனெனில் செலினியத்தில் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது.